எழுபது மில்லிமீட்டர்

“மார்ச் 9. சுடாத தோட்டாவை அளந்து, பொருந்தும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சுட்டபின் வாய்மடிப்பு விரிந்த நீளம்தான் கணக்கு. தவறு என்னுடையது.”

இரும்பு கடையும் கடைசல் வகுப்பிலிருந்து திரும்பிய தங்கை இதை எழுதிவிட்டு, பெரியப்பாவின் பழைய துப்பாக்கியை எடுத்தாள். அதன் தோட்டா அறை அறுபத்தைந்து மில்லிமீட்டர்தான். அண்ணன் வாங்கியவை விரிந்தால் எழுபது. இடம் போதாமல் குழல் வெடிக்கலாம்.

துப்பாக்கியைத் திறந்தாள். உள்ளே சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு சூடாக இருந்தது. அளந்தாள், எழுபது.

“அண்ணா, இப்போ சுட்டியா?”

“நீ அளந்து முடிக்கிறதுக்குள்ள வயல நாசம் பண்ற பன்றிக்குப் பேரன் பேத்தியே பிறந்துடும். நாளைக்குக் காலையிலதான் வயலுக்குப் போறேன். இன்னும் தொடவே இல்ல.”

பெட்டியில் வாங்கிய இருபத்தைந்து தோட்டாக்களும் அப்படியே இருந்தன. சிரித்த அண்ணனின் கன்னத்தில் வெடிமருந்துக்கரி அப்பியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை.

“என்னடி துடைக்கிற? ஒண்ணுமில்லையே!” என்றான் கண்ணாடியைப் பார்த்து.

நாளை நடக்கப்போவதுதான் தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்று புரிந்து, அவள் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எழுதினாள்:

“நாளை: அண்ணன் எழுவதற்குள் பெட்டியை எடுத்துப்போய், கடை திறந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். குழலைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டி, அவர் சரியென்றால் மட்டும் அறுபத்தைந்தில் அழுத்தம் குறைந்த தோட்டா வாங்க வேண்டும்.”