ஒரு பக்கம் எவ்வளவு?

“அதெல்லாம் இருக்கட்டும்மா. ஒரு பக்கம் எவ்வளவு நீளம் வரும், அதைச் சொல்லுங்க.”

வீரையன் மூன்றாவது தடவையாகக் கேட்டார். ஓவர்சியர் வானதிக்கு எரிச்சலாக வந்தது.

வலங்கைமான் பக்கத்துக் கிராமம். காலனித் தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி கட்ட இடம் குறிக்க வந்திருந்தாள். வீரையனின் வயலும் காத்தாயியின் வீட்டு மனையும் ஒட்டியிருந்தன. ஆளுக்குப் பாதி இடம் தருவதாக இருவரும் பஞ்சாயத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இப்போது பார்த்தால் இவர் குடைகிறார்.

“இருபத்தேழாயிரம் லிட்டர் தொட்டி. அதாவது இருபத்தேழு கன மீட்டர். நீளம், அகலம், உயரம் மூணும் ஒரே அளவு” என்றாள்.

“அப்ப இருபத்தேழை மூணால வகுத்தா ஒன்பது. ஒரு பக்கம் ஒன்பது மீட்டரா?” அவர் முகம் சுண்டிப்போனது. “என் நாத்தங்கால் மொத்தமும் போயிடுமேம்மா.”

“வகுக்கக் கூடாதுங்க ஐயா. ஒரே எண்ணை மூணு தரம் வச்சுப் பெருக்கினா இருபத்தேழு வரணும். மும்மூணு ஒன்பது, ஒன்பதை மறுபடி மூணால பெருக்கினா இருபத்தேழு. ஒரு பக்கம் மூணே மீட்டர்தான்.”

“ரெண்டு மீட்டர் வச்சா?”

“எட்டாயிரம் லிட்டர்தான் பிடிக்கும். பாதித் தெருவுக்குக்கூடக் காணாது.”

“அப்ப வேணாம். மூணே இருக்கட்டும். நிச்சயமா மூணுதானே?”

“நிச்சயமா மூணுதான்.”

இத்தனை வயல் வைத்துக்கொண்டு ஒரு முழ இடத்துக்கு இந்தப் பாடா என்று நினைத்துக்கொண்டாள்.

“காத்தாயி அக்கா வரட்டும். ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டே அளந்துடலாம்.”

“அது நடவுக்குப் போயிருக்கு. வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம். டேப்பையும் முளைக்குச்சியையும் கொடுங்க.”

வாங்கிய வேகத்தில் வரப்பில் ஏறினார். வானதிக்குச் சுருக்கென்றது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் மனையில் கூடுதலாகத் தள்ளப் பார்க்கிறாரா?

“ஐயா, நில்லுங்க. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றரை, இந்தப் பக்கம் ஒன்றரை. ஆளுக்குப் பாதின்னுதான் பேச்சு.”

அவர் நிற்கவில்லை. ஆனால் இறங்கியது காத்தாயியின் மனையில் இல்லை. தன் நாற்றங்காலில். முதல் முளைக்குச்சியை வரப்பை ஒட்டித் தன் பக்கமே அடித்தார். மூன்று மீட்டர் தள்ளி அடுத்தது. நாலும் அவர் வயலுக்குள்ளேயே இறங்கின. முளைக்குச்சிகளுக்கு நடுவே நாற்று பச்சைப் பசேலென்று நின்றது.

வானதி அவரையே பார்த்தாள்.

“காத்தாயி மனை ரொம்பக் குறுகல்மா. ஒன்றரை மீட்டரைக் கொடுத்துட்டா அப்புறம் வீடுன்னு என்னத்தைக் கட்டும்? ஒன்பது மீட்டரா இருந்தா என்னால முழுசாத் தாங்க முடியாது. அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூணுன்னா தாங்கிக்குவேன்.”

“இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா விடாது. தெருத் தண்ணிக்கு என் பங்கு இல்லாமலான்னு சண்டைக்கு வரும். நீங்கதான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கணும்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, காலெல்லாம் சேறாகக் காத்தாயி வந்து நின்றாள். முளைக்குச்சிகளைப் பார்த்தாள்.

“என்னம்மா இது? என் இடத்துல ஒண்ணையும் காணோம்? பாதி நான் தர்றேன்னு சொல்லியிருக்கேனே.”

வீரையன் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உங்க இடம் தேவைப்படலைக்கா” என்றாள் வானதி. “தொட்டி இவ்வளவுதான். நான்தான் முதல்ல கணக்கைத் தப்பாப் போட்டு, பெருசா வரும்னு சொல்லிட்டேன்.”

காத்தாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்ஜினீயருக்குப் படிச்ச பொண்ணு. ஒரு பக்கம் எவ்வளவுன்னு கணக்குப் போடத் தெரியலையா?”

“இனிமே பார்த்துப் போடுறேன்க்கா” என்று தலையைக் குனிந்துகொண்டு டேப்பைச் சுருட்டினாள் வானதி.