ஆளுக்கொரு காது

அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை பிறக்கும்போது கற்பிட்டியில் காலை ஒன்பதரை.

புது ராப் அல்பங்கள் பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான் இறங்கும். ஜும்ஆத் தொழுகை நாள் என்பதால் போட்டுகள் கடலுக்குப் போவதில்லை. மஸாஹிரும் ஸுஹைபும் கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் போட்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நாலு வருடப் பழக்கம். கடலட்டை பிடிக்கக் கடலில் முழுகுகிற இரண்டு பேருக்கு அமெரிக்க ராப்பில் என்ன வேலை என்று கேட்டுக் கேட்டு ஊரும் அலுத்துவிட்டது.

முன்பெல்லாம் போன் ஸ்பீக்கர்தான். போன வருடம் மஸாஹிர் ஆசைப்பட்டு இயர்பட் வாங்கினான். ஆளுக்கொன்று. இடது அவனுக்கு, வலது ஸுஹைபுக்கு.

மாற்றிக் கொடுக்க வழியில்லை. ஸுஹைபின் இடது காது போன வருடம் கடலோடு போய்விட்டது. மூக்கடைத்த கடுந்தடிமனோடு முழுகினான். மேலே வரும்போது காதுகளிலிருந்து இரத்தம். இடது செவிப்பறை கிழிந்துவிட்டது, வலதையாவது பார்த்துக்கொள் என்றார் டொக்டர். தடிமனோடு யாராவது முழுகுவானா என்று ஊரே ஸுஹைபை ஏசியது. அவனோடு சோடியாக இறங்கிய மஸாஹிர் மட்டும் வாயே திறக்கவில்லை.

இன்றைக்கு அட்லான்டாக்காரன் ஒருவனின் அல்பம். மூன்று மாதமாகக் காத்திருந்தது. பதினாலு பாட்டு, மொத்தமே அரை மணித்தியாலம்! இப்போது எல்லாமே இப்படித்தான். பாட்டு சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடும். அடுத்த கிழமை அதிலேயே நாலு பாட்டைக் கூட்டி, 'டிலக்ஸ்' என்று பெயர் வைத்து மறுபடியும் விடுவார்கள். நல்ல கடைக்காரப் புத்தி.

இதையெல்லாம் மஸாஹிருக்குச் சொல்லித் தந்ததே ஸுஹைப்தான். பத்து செக்கன் கேட்டால் போதும், பீட் யாருடையது என்று சொல்லிவிடுவான். எந்தப் பழைய பாட்டை வெட்டி, வேகத்தைக் கூட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றும் சொல்வான்.

இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறான். பின்னேரம் வட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்புவான். வொய்ஸ் போட்டால் பதில் இல்லை. கோல் எடுத்தால் தூக்கவே மாட்டான். துரை பெரிய விமர்சகர் ஆகிவிட்டார் என்று மஸாஹிருக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

மூன்றாவது பாட்டின் நடுவில் பீட் திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கியது. ஸுஹைபின் தலையும் சொல்லிவைத்த மாதிரி அங்கேயே மாறியது. அப்பாடா, ஆள் இன்னும் பழைய ஆள்தான் என்று மஸாஹிருக்குச் சந்தோஷம் பொங்கியது.

சத்தத்தைக் கூட்டுவதற்குப் போனை எடுத்தான்.

திரையில் இடது பட் மட்டும்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தான். வலது பக்கத்துச் சார்ஜ் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உப்புக்காற்றின் வேலை. வலது பட்டில் சார்ஜ் ஏறவே இல்லை. மூன்று பாட்டாக ஸுஹைபின் காதில் இருந்தது வெறும் பிளாஸ்டிக்.

ஆனாலும் அவன் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது, தாளம் பிசகாமல்.

மஸாஹிர் ஒன்றும் விளங்காமல் அவனையே பார்த்தான். பிறகு தன்னுடைய குதிக்காலைப் பார்த்தான். பாட்டுக் கேட்டால் அது சும்மா இருக்காது. போட்டின் பக்கத்தில் உதைத்துக்கொண்டே இருக்கும். ஸுஹைபின் உள்ளங்கை அதே போட்டின் விளிம்பில் அழுந்தப் பதிந்திருந்தது.

குதிக்காலை நிறுத்தினான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஸுஹைபின் தலை நின்றது.

"முடிஞ்சா, மச்சான்?"

யா அல்லாஹ்!

வலது காதும் போய்விட்டது. எப்போது போனதோ. பின்னேரங்களில் அவன் எழுதி அனுப்பியதெல்லாம் எங்கேயோ வாசித்தது. கதைக்கும்போது கண்ணெடுக்காமல் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததும் இதற்குத்தான். இந்த வெள்ளிக்கிழமையாவது மிஞ்சட்டும் என்று தாளத்தைக் கையால் வாங்கித் தலையால் ஆட்டியிருக்கிறான், பாவி.

இன்னும் முடியவில்லை என்று மஸாஹிர் சைகை காட்டினான். குதிக்காலால் மறுபடி உதைக்கத் தொடங்கினான். ஸுஹைப் திருப்தியாகக் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு வருடமாக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் மஸாஹிரின் வாய்க்கு வந்தது.

"அண்டைக்கு நீ தடிமன், முழுக ஏலா எண்டு சொன்னாய்தானே. நீ வராட்டி வேற ஆளப் போடுவாராம் எண்டு முதலாளி சொன்னதா நான் வந்து சொன்னேன். அவர் அப்பிடிச் சொல்லவே இல்ல, மச்சான். சோடி இல்லாம என்னையும் கடல்ல இறக்க மாட்டாங்க. அந்த வெள்ளிக்கு ஒரு அல்பம் வர இருந்திச்சி. அதுக்குள்ள எனக்கு இந்த இயர்பட் வாங்கக் காசு வேணும். அதுக்குத்தான் பொய் சொன்னேன். என்ன மன்னிச்சிருடா."

சொல்லி முடிக்கும்வரை கால் தாளம் தப்பவில்லை.

ஸுஹைப் கடலைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான்.

"சோக்கா ஈக்கி, மச்சான். இத இன்னொருக்காப் போடு."