தரையோடு ஒட்டிய கார்

கதவைத் திறந்ததும் சீட் தானாகவே மேலே எழும்பியது.

அத்தை ஒரு கணம் பயந்து கைப்பிடியைப் பற்றினார். பிறகு, சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுவது போல, யார் தயவும் இல்லாமல் அந்தப் புது காரிலிருந்து இறங்கி நின்றார்.

"பார்த்தீங்களாம்மா? முட்டிக்கு வேலையே இல்லை" என்றார் விற்பனையாளர், அந்த சீட்டைத் தானே பெற்று வளர்த்தவர் மாதிரி.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. பத்தியச் சாப்பாட்டைப் புகழ்கிற குரல்.

சொன்ன கையோடு, கால் கடுக்கிறது என்று வெளியே போய் என் பழைய காரிலேயே உட்கார்ந்துகொண்டார். அதில் உட்காருவது சுலபம். தொப்பென்று விழுந்தால் போதும். எழுவதுதான் பெரும்பாடு.

நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், விற்பனையாளரின் மேஜை முன்னால் உட்கார்ந்தேன்.

என்னுடையது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். தரையோடு தரையாகப் போகும். லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு யாரோ ஓட்டி அலுத்த பிறகு வாங்கியது. எஞ்சின் உறுமுவதைக் கேட்க இன்றைக்கும் ரேடியோவை அணைத்துவிடுவேன்.

ஆனால் வயதாகிவிட்டது. மூன்றாவது கியர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் விழுகிறது. வேகத்தடை வந்தால் அடிப்பாகம் உரசுகிறது. உதிரி பாகம் எதுவும் கிடைப்பதில்லை. கார் மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன்பே பெருமூச்சு விட ஆரம்பித்துவிடுகிறார்.

இத்தனைக்கும் மாற்றுகிற யோசனை எனக்கு வந்ததே இல்லை, அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது முட்டியில் ஆபரேஷன் ஆகி, எங்கள் வீட்டுக்கு வரும் வரை.

அத்தை எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாக நிற்கிற பெண்ணைத் தன் மகன் கட்டிக்கொள்வதில் அவருக்கு இஷ்டமில்லை. அதற்குப் பிறகு மகனோடு போனில் பேசும்போதெல்லாம் நான் 'அவ'. வீட்டோடு வந்து தங்கியபோதும் பேச்சு மருந்து, தண்ணீர், டிவி சத்தம் என்பதைத் தாண்டவில்லை.

என் கணவருக்குக் காலையிலேயே வேலை. அதனால் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது என் தலையில் விழுந்தது.

காரிலிருந்து அத்தையை எழுப்ப நான் நடைபாதையில் மண்டியிட வேண்டும். அவர் என் கழுத்தைச் சுற்றிக் கைகளைக் கோத்துக்கொள்வார். நான் அவர் முதுகைச் சேர்த்துப் பிடித்துத் தூக்குவேன். தலைசுற்றல் அடங்குகிற வரை அப்படியே நிற்போம். ஊரையே ஏற்றி இறக்குகிறவளுக்கு இது ஒன்றும் பெரிய பாரமில்லை. முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்பதுதான் இரண்டு பேருக்கும் சங்கடம்.

முதலில் கட்டை மாதிரி விறைத்திருந்தார். போகப் போக என் தோளில் தலையைச் சாய்க்க ஆரம்பித்தார். ஒருநாள் "மெதுவாம்மா" என்றார். அந்த 'ம்மா' வாய்தவறி வந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு லீவு நாளில் இதை என் கணவர் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார். அம்மா படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை, அந்த டப்பாவைத் தள்ளிவிடு என்று பிடித்த பிடியை விடவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. என் ஆசையா, அத்தையின் முட்டியா என்று வந்தால் முட்டிதான் ஜெயிக்க வேண்டும்.

"என்ன கலர் மேடம்? சிவப்புன்னா காத்திருக்கணும். வெள்ளைன்னா உடனே" என்றார் விற்பனையாளர்.

வெள்ளையே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் காரின் கதவு திறந்தது.

அத்தை ஒரு காலை வெளியே வைத்தார். எதையும் பிடிக்காமல் சட்டென்று எழுந்து நின்றார்.

பானட் மேல் காக்கை எச்சம். கைப்பையிலிருந்து டிஷ்யூ பேப்பரை எடுத்து, எட்டிக் குனிந்து, பளபளவென்று ஆகும் வரை துடைத்தார். கசங்கிய பேப்பரைப் போட, காம்பவுண்டு மூலையிலிருந்த குப்பைத்தொட்டி வரை விறுவிறுவென்று நடந்து போய் வந்தார். ஒரு தடவைகூட நொண்டவில்லை.

கார்க் கதவருகே வந்ததும் ஷோரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளி வெயிலில் உள்ளே இருந்த நான் தெரிந்திருக்க மாட்டேன். மறுபடி தொப்பென்று உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"மேடம், வெள்ளைதானே?"

"வேண்டாங்க. பழசே ஓடட்டும்."

அவர் அந்த சீட்டின் பெருமையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன்.

மெயின் ரோட்டைத் தொட்டோம். அத்தை, எதிரே போன பஸ்ஸைப் பார்த்தபடி, "வாங்கலையா?" என்றார்.

"கொஞ்ச நாள் போகட்டும் அத்தை. ஆனா உங்க முட்டிதான் பாவம். எப்போ சரியாகுமோ?"

சிக்னலில் நின்றோம். அத்தை முட்டியைத் தடவிப் பார்த்தார்.

"இது சீக்கிரம் சரியாயிடும்போலத்தான் இருக்கு" என்றார். "ஆனா நேத்துலேர்ந்து இடது பக்கமும் லேசா வலிக்குதும்மா."