எண்பது சதவீதம்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எசக்கிமுத்துவுக்குத் தொடை இடுக்கில் ஒரு கட்டி வந்தது. இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும்.

சுகாதார நிலையத்தில் இப்போது டாக்டர் கிடையாது. கருவிதான் பார்க்கும். "குடலிறக்கம் அறுபத்தொரு சதவீதம், நெறிக்கட்டி முப்பது, மற்றவை ஒன்பது" என்றது அது. எண்பதைத் தொட்டால்தான் ஆபரேஷனுக்குச் சீட்டு.

"உனக்குப் பார்த்தாலே தெரியுமே தாயி?" என்று அவன் மனைவி பேச்சியம்மாள் நர்ஸ் செலினிடம் கெஞ்சினாள்.

"தெரியுதுக்கா, குடலிறக்கந்தான். ஆனா நான் சொன்னா செல்லாது. மூட்டை மட்டும் தூக்க விடாதீங்க."

தூக்காமல் எப்படி? தூக்கினான். வாராவாரம் வந்தும் காட்டினான். எண் அசையவில்லை.

ஐந்தாவது வாரம் கட்டி உள்ளே போகாமல் கல்லாக இறுகியது. கருவியிடம் முறை வரும்வரை இரண்டு நாள் வாந்தியோடு கிடந்தான்.

"தொண்ணூற்றொன்பது சதவீதம்" என்றது கருவி. சீட்டு வந்தது. செலின் ஆம்புலன்ஸுக்குப் பேச ஓடினாள். சீட்டை எடுக்கப் பேச்சியம்மாளால் எழ முடியவில்லை. எசக்கிமுத்து அவள் கையை அப்படி இறுகப் பிடித்திருந்தான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தப் பிடி விட்டுப்போனது.