முதல் கவளம்

போக்குவரத்துப் போலீஸில் பல வருஷம் ஊதி ஊதி, சொந்தபந்தங்களுக்கு நடுவில் அவர் பெயரே ‘விசில்’ என்று ஆகிவிட்டது. குற்றப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த பிறகு ஒரு உருப்படியான கேஸ்கூடக் கைக்குச் சிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா போன் பண்ணி அழுதாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், சாப்பாட்டில் அவள் விஷம் வைக்கிறாள் என்று சந்தேகப்படுகிறாராம்.

விசிலுக்கு வருத்தம்தான். வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் குதூகலமும் இருந்தது, மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளைக்கு, சும்மா எட்டிப் பார்க்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய் இறங்கினார்.

வாசலிலேயே முதல் அதிர்ச்சி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருந்த அக்காவுக்குக் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. மெதுவாகக் கொல்லும் விஷத்துக்கு முகம் வீங்குவதும் ஓர் அறிகுறி என்று பயிற்சி வகுப்பில் அரைத் தூக்கத்தில் கேட்ட மாதிரி ஞாபகம்.

அக்கா அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கொட்டித் தீர்த்தாள். ஒரு நாள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, இதில் நீ எதையோ கலக்குகிறாய் என்றாராம் மனுஷர். அவளுக்குப் பக்கென்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. கீரையோ பருப்போ முட்டையோ மீனோ, எதுவானாலும் அவள்தான் முதலில் உட்கார்ந்து ஒரு தட்டு நிறையச் சாப்பிட வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். அவளும் வீம்புக்கு ஒன்றுக்கு இரண்டு முட்டையாக உள்ளே தள்ளி, நல்லாப் பார்த்துக்குங்க என்று வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள்.

“கல்யாணமான நாள்லேர்ந்து இவருக்கு முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டிருப்பேனாடா? எல்லாரும் எழுந்து போனப்புறம் மிச்சம் மீதியை வழிச்சுத் தின்னவ நான். என்னைப் போய் விஷம் வைக்கிறவன்னா எப்படிடா பொறுக்கும்? இன்னிக்கு நீ ஒரு முடிவு கட்டு. இல்லேன்னா உன்கூடவே வந்துடறேன்.”

பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. கதவோரம் தயாராக நின்றது.

விசில் கடமையே கண்ணானவர். ஆகவே முதலில் அக்காவையே சந்தேகப்பட்டார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார். மிளகுத் தூளிடம் மாட்டிக்கொண்டு மூக்கு சிவக்கத் தும்மியதுதான் மிச்சம்.

அக்கா தனக்கு ஒரு தட்டில் பரிமாறி மேஜையில் வைத்தாள். மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கவே, மோட்டாரை நிறுத்த மாடிக்கு ஓடினாள். விசில் சமையலறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்தார்.

சாப்பிட வந்து நின்ற மெக்கானிக் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதிலிருந்த பழுப்புப் பொடியை அக்காவின் தட்டிலிருந்த பருப்பில் கொட்டி, ஸ்பூனால் நன்றாகக் கலக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல உட்கார்ந்துகொண்டார்.

அடப்பாவி மனுஷா! விசிலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளே சமைத்தாள், அவளே முதலில் சாப்பிட்டாள், எனக்கு அப்போதே சந்தேகம் என்று நாளைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊருக்கே சொல்லலாம். யாரும் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஐம்பது வயதில் மறுபடியும் மாப்பிள்ளை ஆகும் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. அக்காவை நினைத்து ரத்தம் கொதித்தது. முதல் கேஸே இவ்வளவு பெரிய கேஸா என்று உள்ளம் துள்ளவும் செய்தது. ஒரே பாய்ச்சலில் போய் மெக்கானிக்கின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அசையாதீங்க மாமா. என்ன பொடி இது?”

மெக்கானிக் பதறிப் போய், சத்தம் போடாதே, அவள் காதில் விழுந்துவிடும் என்று கெஞ்சினார். கெஞ்சிக்கொண்டே, பொட்டலத்தில் மிச்சமிருந்ததை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். முதல் குற்றவாளி, அதுவும் சொந்த மாமா, விசாரணைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டால் மேலதிகாரியிடம் என்ன சொல்வது?

மெக்கானிக் சாவகாசமாகச் சப்புக்கொட்டினார்.

“இரும்புச் சத்துப் பொடி, மாப்ள. உங்கக்கா நான் ரிப்பேர் பண்ணின லிஃப்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தா. உடம்புல ரத்தமே இல்ல, ஒழுங்காச் சாப்பிட வைங்க, இந்தப் பொடியையும் குடுங்க, விட்டா ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் ஆடிப் போயிட்டேன். இப்பத்தான் கன்னத்துல கொஞ்சம் சதை தெரியுது.”

மாடியில் மோட்டார் நின்றது. அக்கா படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. அக்கா பிழைத்த சந்தோஷமும் கேஸ் போன துக்கமும் சேர, விசில் மாமாவின் மணிக்கட்டை விட்டார்.

“அதை அவகிட்ட நேராச் சொல்லியே குடுத்திருக்கலாமே மாமா. சாப்பாட்டுல எதையோ கலக்குறான்னு அக்கா மேல எதுக்கு வீண்பழி?”

“வீண்பழி இல்ல, மாப்ள. உனக்குத்தான் சத்துப் பொடின்னு சொல்லி மொதல் டப்பாவை நேராத்தான் குடுத்தேன், அது முழுசையும் எனக்குத் தெரியாம என் சாப்பாட்டுல கலந்துட்டா.”