முதல் கரண்டி

“மொதக் கரண்டி சமைச்சவங்கதான் சாப்பிடணும். இல்லன்னா உங்க பேர எடுத்துடுவோம்மா” என்றார் நடுவர் ஆர்த்தி, பொறுமையாகத்தான்.

மேடையில் நின்ற கலைப்பிரியா கரண்டியைத் தொடவில்லை. “நாங்க ஜெயினுங்க. பொழுது போனா எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம்.”

கீழே முதல் வரிசையில் இருந்த சந்திரவதிக்கு ஆத்திரமாக வந்தது. தப்பு யாருடையது? நாலு மணிக்கு ஆரம்பம் என்று சொல்லித் திண்டிவனத்து மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார்கள். விழுப்புரத்திலிருந்து சிறப்பு விருந்தினர் ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது தெருவிளக்கே போட்டாகிவிட்டது.

அந்தத் தட்டில் இருப்பது லேசுப்பட்ட பண்டமா? பால், நெய், தயிர் எதுவும் படாத வீகன் சமையல் போட்டி இது. கலைப்பிரியா அதில் வெங்காயம், பூண்டையும் விலக்கிவிட்டு மல்லுக்கட்டினாள். அரைவேக்காட்டுச் சோறு, ஊறவைத்து அவித்த காராமணி, தக்காளி, குடைமிளகாய், தேங்காய்ப்பால். சீஸுக்குப் பதிலாக மேலே மல்லாட்டை என்னும் வேர்க்கடலையை அரைத்த விழுது. ஓவனில் வைத்தால் ஒரு நாள் அடி பிடித்தது, ஒரு நாள் சோறு குழைந்தது, இன்னொரு நாள் மேலே கருகி உள்ளே வேகாமல் நின்றது. இன்றைக்குத்தான் மேலே பொன்னிறமாக மொறுமொறுத்து, உள்ளே பொலபொலவென்று சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது.

முதல் பரிசு ஒரு பெரிய ஓவன். வீட்டில் இருப்பதோ ஒரு தட்டுக்கு மேல் கொள்ளாத பொம்மை ஓவன். பெரியது கிடைத்தால் ஆர்டர் எடுத்துச் சொந்தத் தொழில் தொடங்கலாம் என்று கலைப்பிரியா நாளெல்லாம் அதே பேச்சாக இருந்தாள்.

சூரியன் சாய்ந்தால் சந்திரவதி பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். அவளே மனசு கேட்காமல், ‘ஒரு வாய்தானே, சாப்பிடு’ என்று கையால் ஜாடை காட்டினாள். மேடையில் இருந்தவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முடியாது என்று லேசாகத் தலையாட்டினாள்.

“பரிசு போனா போவுதுங்க. செஞ்சதுக்கு நீங்க ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க” என்று தட்டை ஆர்த்தியிடம் நகர்த்தினாள்.

அவள் பெயரை நீக்கியதாக மைக்கில் அறிவித்துவிட்டு, ஆர்த்தி ஒரு கரண்டி எடுத்தார். உடனே இன்னொரு கரண்டியும் எடுத்தார். மண்டபமே கைதட்டியது.

ஓவன் வேறு யாருக்கோ போயிற்று. சந்திரவதி அதைக் கவனிக்கவே இல்லை. ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும்போல அவளுக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

பக்கத்து நாற்காலிப் பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க பொண்ணாங்க? பரம்பரையா ரத்தத்துல ஊறியிருந்தாத்தான் இந்த வைராக்கியம் வரும். எல்லாம் நீங்க வளத்த வளப்பு.”

“நான் எங்கங்க வளத்தேன், அவ எம் மருமக” என்றாள் சந்திரவதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “வளத்தவரு, அதோ கடைசி வரிசையில நாற்காலி மேல ஏறிக் கைதட்டிக்கினு நிக்கிறாரே, அவரு. கெடார் ஊர்ல ஆட்டுக்கறிக் கடை வெச்சிருக்காரு.”