முதலில் கால் வைத்தவர்

பேராசிரியரின் தலை வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டது. வயிறு மட்டும் இன்னும் இந்தப் பக்கம் இருந்தது.

பின்னாலிருந்து, குகைகளில் கயிறு கட்டும் கயிறக்கா அவருடைய இரண்டு காலணிகளையும் பிடித்துத் தள்ளினாள். பாறையிடுக்கு ஒரு முழ உயரம்கூட இருக்காது. சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன. அளவுகோல் நழுவி எங்கேயோ தண்ணீரில் விழுந்தது. அப்புறம் பொத்தென்று ஒரு சத்தம்.

மனிதகுலம் வந்து சேர்ந்தது.

நாற்பது கிலோமீட்டர் நீளக் குகை அது. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் லட்சக்கணக்கான வருஷம் அவசரமே படாமல் கரைத்துக் கரைத்துச் செய்தது. நூறு வருஷத்துக்கு முன்பு யாரோ வரைந்த படத்தில், இந்த இடுக்கோடு கோடு நின்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அதை அழிப்பதற்காகத்தான் இன்றைய பயணம்.

குகைச் சங்கத்துக்கு மூன்று விதிகள். மூன்றையும் எழுதியவர் அதன் தலைவரான பேராசிரியர். தலைவருக்கு முன்னால் யாரும் புது இடத்துக்குள் போகக்கூடாது. புதுத் தரையை வெறுங்காலோடுதான் மிதிக்கவேண்டும். ஓர் அறையில் முதலில் கால் வைத்தவர் யாரோ, அவர்தான் அதற்குப் பெயர் வைக்கலாம்.

முதல் விதி இருந்ததால் மூன்றாம் விதிக்குப் பங்காளிகளே இல்லை. இதுவரை பதினேழு அறைகள். அவருடைய அப்பா, மாமனார், இரண்டு அமைச்சர்கள், வீட்டு நாய் எல்லாரும் வரைபடத்தில் ஏறியிருந்தார்கள்.

தலைவர் முதன்முதலாக நுழைகிற இடங்களுக்கெல்லாம் கயிறு ஏற்கெனவே கட்டியிருக்கும். உள்ளே மூச்சு முட்டாது என்பதும் யாருக்கோ ஏற்கெனவே தெரிந்திருக்கும். யாருக்கு என்று சங்கம் கேட்டதில்லை. கேட்டால் முதல் விதிப்படி கயிறக்காவை வீட்டுக்கு அனுப்பவேண்டும். அப்புறம் கயிறு யார் கட்டுவது?

எட்டு வருஷத்தில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதுவும் போன மாதம்.

குகையில் அறை கண்டுபிடிப்பது எங்கம்மா என்று அவள் மகள் பள்ளியில் பீற்றிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் வரைபடத்தை விரித்து, எங்கேடி காட்டு என்றிருக்கிறார்கள். நாய் பேர் இருந்தது. வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூலையில் ஒரு பொந்தாக இருந்தாலும் சரி, பிள்ளை பேரைப் போடமுடியுமா என்று கயிறக்கா கேட்டாள்.

"மூணாவது விதியைப் படிச்சிட்டு வாம்மா நீ," என்றார் பேராசிரியர்.

அந்த விதிகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவளே அவள்தான்.

இப்போது பேராசிரியர் எழுந்து நின்று, பையிலிருந்து உரையை எடுத்தார். அறை பெரிது. விளக்கு வெளிச்சம் கூரையைத் தொடவில்லை. தரை முழுக்க வெள்ளைச் சேறு, அரைத்த மாவைப் போல. மனித வாடையே படாத இந்த மண்ணில் என்று ஆரம்பித்தவர், அங்கேயே நிறுத்தினார்.

மண்ணில் காலடித் தடம் இருந்தது.

வெறுங்கால். போய்த் திரும்பியிருந்தது.

அவர் முகம் ஒரு விநாடி தொங்கியது. மறுவிநாடி பிரகாசமானது. உரையை மடித்து வைத்துவிட்டு ரெக்கார்டரை எடுத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் தடத்துக்குப் பன்னிரண்டாயிரம் வருஷம் வயதாகிவிட்டது. ஆதிப்பெண் ஒருத்தி. இருட்டை வணங்கத் தனியாக வந்திருக்கிறாள். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருப்பதால், பூண்டோடு அழிந்துபோன ஏதோ ஓர் இனம். இதோ, இங்கே மட்டும் ஒற்றைக்கால் தடம் நாலைந்து. சந்தேகமே இல்லை, சடங்கு நடனம்.

இத்தனையும் சொல்லும்போது அவர் காலணியோடுதான் நின்றிருந்தார்.

கடைசியாக ஊர்ந்து வந்த புகைப்படக்காரருக்கு ஒரே ஒரு கவலை. தடத்தின் அளவு தெரிய, படத்தில் பக்கத்தில் ஏதாவது வேண்டும். அளவுகோலோ தண்ணீரில். பேராசிரியரின் காலைப் பார்த்தார், பெரிது. தன் காலைப் பார்த்தார், அதுவும் பெரிது. கயிறக்காவிடம் வந்தார்.

அவள் கால் வீங்கியிருக்கிறது என்றாள். அழுக்கு என்றாள். காலுறை ஈரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றாள்.

"ஒரு நிமிஷம் வைங்கக்கா. கால் என்ன தேஞ்சா போயிடும்?"

அவள் மெதுவாகக் காலணியைக் கழற்றினாள். காலுறையை இழுத்தாள். அது வரமாட்டேன் என்றது. வேகமாக இழுத்ததில் தடுமாறி, ஒற்றைக்காலில் நாலு தத்துத் தத்தி நின்றாள்.

புகைப்படக்காரர் குனிந்து கண்ணாடிவில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இடது காலைத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பேராசிரியர் தடத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.  ரெக்கார்டரை நிறுத்தினார்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து புகைப்படக்காரர் வியந்தார். பன்னிரண்டாயிரம் வருஷமாக மனுஷக் கால் மாறவே இல்லை, பார்த்தீர்களா சார் என்றார். பேராசிரியர் அவரை வெளியே போய் மற்ற விளக்குகளைக் கொண்டுவரச் சொன்னார்.

இடுக்குக்குள் புகைப்படக்காரரின் காலணிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பேராசிரியரின் விரல் ரெக்கார்டரின் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அதன்மேல் கொஞ்சநேரம் இருந்தது. அழுத்தாமல் திரும்பி வந்தது.

அவர் வரைபடத்தை முழங்கால்மேல் விரித்தார். கேள்விக்குறியை அழித்தார். பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்குப் பொண்ணு பேரு என்னன்னு சொன்னீங்க?"